கொழும்புக் கட்டட வேலைத்தளங்களில் ஆபத்தை அறிதலும் தடுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை காலி வீதியின் இரு பக்கமும் மாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் கம்பி கட்டுகிறவர்களும் கல் சுமக்கிறவர்களும் பூசுகிறவர்களும் ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்களாக இருப்பது புதிதல்ல. வேலைத்தளப் பாதுகாப்புப் பணியில் என்னிடம் தமிழில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதுகிறேன். தொழிலாளி, மேசன் பாஸ், மேற்பார்வையாளர், சிறு ஒப்பந்தகாரர், தன் வீட்டுக்கு மேல்மாடி கட்டுகிறவர் என எல்லோருக்குமான கேள்விகள் இதில் கலந்திருக்கின்றன.

ஆபத்து மதிப்பீடு என்பது படிவம் நிரப்புவதுதானே?

இல்லை. வேலை நடக்கப்போகும் இடத்துக்கே போய் நின்று ஐந்து விடயங்களுக்குப் பதில் தேடுவதுதான் ஆபத்து மதிப்பீடு. இங்கே என்ன தவறு நேரலாம்? நேர்ந்தால் யாருக்கு அடிபடும்? எவ்வளவு மோசமாக அடிபடும்? அதைத் தடுக்க என்ன செய்யப்போகிறோம்? அதைச் செய்து முடிப்பவர் யார், எப்போதைக்குள்? இந்தப் பதில்களை எழுதி வைப்பதற்குத்தான் படிவம்.

அலுவலகக் கொள்கலனுக்குள் இருந்துகொண்டு, பழைய வேலைத்தளத்தின் தாளில் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டுக் கோப்பில் போடும் வழக்கம் இருக்கிறது. ராஜகிரியவின் சதுப்பு மண்ணுக்கு எழுதியது வெள்ளவத்தையின் கடற்கரை மணலுக்குப் பொருந்தாது. மூன்றாம் மாடிக்கு எழுதியது பதின்மூன்றாம் மாடிக்கும் பொருந்தாது. வேலை மாறினாலும், ஆட்கள் மாறினாலும், இரவு பெருமழை கொட்டியிருந்தாலும் மதிப்பீட்டைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

அதை யார் செய்ய வேண்டும்? பாதுகாப்பு அதிகாரியின் வேலைதானே?

பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. பாதுகாப்பு அதிகாரி வழிகாட்டுவார், பொறியியலாளர் கணக்குப் பார்ப்பார். ஆனால் அந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் அந்த இடத்தில் இல்லாமல் செய்யப்படும் மதிப்பீட்டை நான் மதிப்பீடாகவே ஏற்பதில்லை. எந்தப் பலகை ஆடுகிறது, எந்த வயரில் கை வைத்தால் சுரீரென்கிறது, எந்த ஏணியின் படி உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். “சேர், அந்த மதில் நேற்று மழைக்குப் பிறகு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது” என்று சொல்லக்கூடியவர் அதன் அடியில் மண் வெட்டுகிறவர்தான். அவரிடம் கேட்டால்தானே சொல்வார்? அதுவும் அவருக்கு விளங்கும் மொழியில் கேட்க வேண்டும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

பரவலாகப் பயன்படுவது ஐந்துக்கு ஐந்து அட்டவணை. நேர்வதற்கான வாய்ப்புக்கு 1 முதல் 5 வரையும், நேர்ந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 5 வரையும் கொடுத்துப் பெருக்குவார்கள். ஆறாம் மாடியில் மின்தூக்கிக்காக விட்ட வாய் தடுப்பில்லாமல் திறந்து கிடக்கிறது, அதன் ஓரமாகத்தான் ஆட்கள் கல் சுமந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாய்ப்பு 4, விழுந்தால் மரணம் என்பதால் பாதிப்பு 5, பெருக்கினால் 20. அங்கே வேலையை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். உறுதியான தடுப்பு அடித்த பிறகு வாய்ப்பு 1 ஆகிறது, பெருக்கினால் 5. பாதிப்பு அப்போதும் 5தான். ஆறாம் மாடியிலிருந்து விழுகிறவருக்கு அடி குறையப்போவதில்லை.

கவனம் தேவைப்படும் இடம் இதுதான். தடுப்பு எதுவும் அடிக்காமல், “தொழிலாளர் அவதானமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டனர்” என்று ஒரு வரி எழுதி 4 என்பதை 1 ஆக்கிவிடுகிறார்கள். தாளில் ஆபத்தைக் காட்டும் சிவப்பு நிறம் பச்சையாகிவிடுகிறது, ஓட்டை அப்படியே கிடக்கிறது. மதிப்பெண்ணைக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும், அங்கே கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதாக என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் மதிப்பெண்ணும் மாறக்கூடாது.

தலைக்கவசம், சப்பாத்து, பெல்ட் எல்லாம் கொடுத்துவிட்டோம். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

அவை கடைசியாக வர வேண்டியவை. முதலில் அந்த ஆபத்தான வேலையே தேவையா என்று பாருங்கள். உயரத்தில் பொருத்துவதைக் கீழேயே பொருத்தித் தூக்க முடியுமானால் உயரமே இல்லாமல் போகிறது. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வழிக்கு மாறுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு, வலை, மூடி என்று ஏதாவது வையுங்கள். அதற்குப் பிறகுதான் பயிற்சி, அறிவித்தல், வேலை நேர மாற்றம். இவை எல்லாவற்றுக்கும் பிறகே தலைக்கவசமும் பெல்ட்டும். தடுப்புக் கம்பி அங்கே நிற்கும் எல்லோரையும் காக்கும், யாரும் அதை மாட்டிக்கொள்ள மறக்க முடியாது. பெல்ட் மாட்டியவரை மட்டும், அதையும் சரியாக மாட்டினால் மட்டும் காக்கும்.

பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான நம்பிக்கை அதிகம் உள்ள பொருள் அது. இடுப்பில் மட்டும் கட்டும் பட்டியை விழுவதைத் தடுக்கப் பயன்படுத்தக்கூடாது. விழும் வேகத்தில் அது வயிற்றையும் முதுகெலும்பையும் சேதப்படுத்தும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் பட்டி வேண்டும்.

அடுத்தது கணக்கு. கயிறு 1.8 மீற்றர். அதிர்ச்சியைத் தாங்கும் பகுதி பிரிந்து நீள்வது ஏறத்தாழ 1.2 மீற்றர். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீற்றர். நிலத்தில் இடிக்காமலிருக்க இன்னும் 1 மீற்றர். ஆகமொத்தம் கொளுவிய இடத்துக்குக் கீழே 5.5 மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு மாடியின் உயரமோ ஏறத்தாழ 3 மீற்றர்தான். முதலாம் மாடியில் நின்று காலடியில் கொளுவினால், பெல்ட் தன் வேலையைத் தொடங்கி முடிப்பதற்குள் ஆள் நிலத்தில் இருப்பார். எப்போதும் தலைக்கு மேலே கொளுவுங்கள். தாழ்ந்த உயரங்களில் ஓரத்துக்கே போகவிடாத அளவு குட்டையான கயிறு, அல்லது தடுப்புக் கம்பி பயன்படுத்துங்கள். கொளுவும் இடம் கட்டடத்தின் உறுதியான பாகமாக இருக்க வேண்டும். சாரத்தின் தளர்ந்த குழாயிலோ நீர்க் குழாயிலோ கொளுவியவர் எதிலும் கொளுவாதவருக்குச் சமம்.

விழுந்து பட்டியில் தொங்குகிறவரை எப்படி இறக்குவது என்றும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அசையாமல் தொங்கும் உடலில் இரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கமும் அதைவிட மோசமானதும் வரலாம். தீயணைப்புப் படை வரும்வரை காத்திருப்பது திட்டமாகாது.

மாடியில் விடும் ஓட்டைகளைப் பலகையால் மூடி வைக்கிறோம். அது சரிதானே?

மூடுவது சரி, சும்மா மூடி வைப்பது ஆபத்து. எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் வேறு வேலைக்குப் பலகை தேடி வருகிறார். தரையில் ஒட்டுப்பலகை ஒன்று கிடக்கிறது. குனிந்து இரு கைகளாலும் அதை நிமிர்த்தித் தூக்குகிறார். பலகை அவர் முகத்தையும் முன்னாலுள்ள தரையையும் மறைக்கிறது. பலகையுடன் ஓரடி முன்னே வைக்கிறார். அந்த அடிதான் ஓட்டைக்குள் போகிறது.

ஆகவே மூடியை ஆணியடித்து அல்லது கட்டை பொருத்தி நகராமல் இறுக்க வேண்டும். ஆளின் பாரத்தையும் தள்ளுவண்டியின் பாரத்தையும் தாங்கும் தடிப்பு வேண்டும். கீழே ஓட்டை இருக்கிறது என்று சிங்களத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதி, வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் படமொன்றும் வரைய வேண்டும். மின்தூக்கி வாய்களுக்கு இதுவும் போதாது, மாடிக்கு மாடி நெஞ்சளவு தடுப்பு வேண்டும். 2018 இல் தாமரைக் கோபுர வேலைத்தளத்தில் வடக்கிலிருந்து வந்த இளம் தொழிலாளி ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்த செய்தி தமிழர் வீடுகளை எவ்வளவு உலுக்கியது என்பது நினைவிருக்கும். அத்தனை உயரம் தேவையில்லை, இரண்டாம் மாடி ஓட்டையும் உயிரை எடுக்கும்.

சாரம் ஏறத்தக்கதா என்று ஒரு சாதாரணத் தொழிலாளி எப்படிப் பார்ப்பது?

கீழிருந்து மேலே பாருங்கள். கால்கள் மண்ணிலோ கல்லிலோ நிற்காமல் அடித்தட்டிலும் பலகையிலும் நிற்கின்றனவா? குறுக்குத் தாங்கிகள் இருக்கின்றனவா? கட்டடத்தோடு இடைவெளிவிட்டுப் பிணைத்திருக்கிறதா? மிதி பலகைகள் இடைவெளியின்றி நிறைந்து, நகராமல் கட்டப்பட்டிருக்கின்றனவா? ஏறத்தாழ 1 மீற்றர் உயரத்தில் மேல் கம்பி, நடுவில் இன்னொரு கம்பி, பொருள் உருண்டு விழாதபடி அடியில் பலகை, இம்மூன்றும் உண்டா? ஏற ஏணி இருக்கிறதா, அல்லது குறுக்குக் கம்பிகளில் தொற்றித்தான் ஏற வேண்டுமா? ஒன்று குறைந்தாலும் ஏறாமல் சொல்லுங்கள்.

பூச்சு வேலைக்காரர் தமக்கு இடைஞ்சலாக இருக்கும் பிணைப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போடாமல் போவது சாரம் சரிவதற்கு முக்கிய காரணம். சாரம் கட்டியவரைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக்கூடாது. வாரத்துக்கு ஒரு முறையும் பலத்த காற்று மழைக்குப் பிறகும் தகுதியுள்ளவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ஏணி சாய்க்கும்போது நான்கு அடி உயரத்துக்கு ஓரடி என்ற அளவில் அடியை வெளியே இழுத்து, மேல் நுனி இறங்கும் தளத்துக்கு மேலே 1 மீற்றராவது நீட்டியிருக்கும்படி வையுங்கள்.

பழைய அஸ்பெஸ்டோஸ் கூரையில் ஏறி வேலை செய்யலாமா?

தகட்டின் மேல் நேரடியாகக் கால் வைக்க வேண்டாம். ஆணி அடித்த வரிசையில் மிதித்தால் உடையாது என்பதும் நம்பத்தக்கதல்ல, வெயிலில் காய்ந்து பாசி பிடித்த தகடு எங்கும் உடையும். ஏறு பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள், அல்லது கீழிருந்து சாரம் கட்டிக் கழற்றுங்கள். கழற்றும்போது உடைக்காமல், கிறைண்டரால் வெட்டாமல், நீர் தெளித்து நனைத்து முழுத் தகடாக இறக்குங்கள். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது.

அத்திவாரக் குழி வெட்டும்போது எதைக் கவனிப்பது?

மண்ணின் நிறையை முதலில் மனதில் வையுங்கள். ஒரு கன மீற்றர் மண் ஏறத்தாழ ஒன்றரைத் தொன், நனைந்தால் இன்னும் கூடும். நெஞ்சளவு மண் சரிந்து நெருக்கினாலே மூச்சை இழுக்க முடியாது. ஆகவே தலைவரை மூடவில்லையே என்று ஆறுதல்பட எதுவுமில்லை. 1.2 மீற்றருக்கு மேல் ஆழமான குழிக்குள் ஆளை இறக்குமுன் பக்கங்களைச் சரிவாக வெட்டவோ பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்கவோ வேண்டும். கடற்கரையோர மணலில் அதற்குக் குறைந்த ஆழமும் சரியும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1 மீற்றராவது தள்ளிக் குவியுங்கள். இறங்கிய குழியிலிருந்து ஓடி ஏற ஏணி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கொழும்புக்கென்று இரண்டு சிக்கல்கள் உண்டு. நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் இரவு பகலாக நீரிறைக்கிறார்கள். அந்த நீரோடு அயல் வீட்டு அத்திவாரத்தின் கீழிருக்கும் மணலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும். இறைக்கும் நீர் கலங்கலாக, மணலோடு வந்தால் நிறுத்திவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். இரண்டாவது, காணிகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் பழைய மதில்களின் காலடியையே வெட்ட வேண்டி வருகிறது. முட்டுக் கொடுக்காமல் மதிலடியில் மண் எடுக்கக்கூடாது.

இருக்கும் கட்டடத்தில் மேலும் வேலை செய்வதும் தனி ஆபத்து. 2017 மே மாதத்தில் வெள்ளவத்தையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று பட்டப்பகலில் இடிந்து விழுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. தூண், வளை, சுவர் எதைத் தொடுவதானாலும் அமைப்புப் பொறியியலாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அலவாங்கை எடுக்க வேண்டாம்.

கொங்கிறீட் போடும் நாளில் ஏன் இவ்வளவு பதற்றம்?

பதற்றம் நியாயமானது. ஈரக் கொங்கிறீட் கன மீற்றருக்கு ஏறத்தாழ 2,400 கிலோகிராம். 15 சென்ரிமீற்றர் தடிப்புத் தட்டுக்கு, அதாவது மாடித் தளத்துக்கு, சதுர மீற்றருக்கு 360 கிலோகிராம் வருகிறது. பத்து மீற்றருக்கு ஆறு மீற்றர் தட்டென்றால் இருபத்தொன்றரைத் தொன்னுக்கு மேல். ஆட்கள், கம்பி, அதிர்வு இயந்திரம் எல்லாம் இதற்கு மேலே. இவ்வளவையும் தாங்குவது பலகைக்குக் கீழே நிற்கும் முட்டுகள். ஒன்று நழுவினால் பாரம் அடுத்ததற்குப் போய், அதுவும் நழுவி, வரிசையாகச் சரியும்.

முட்டுகள் செங்குத்தாக நிற்கின்றனவா, அடியில் உறுதியான தளமா, குறுக்குப் பிணைப்பு உண்டா என்று கொங்கிறீட் வண்டி வருமுன் பொறியியலாளர் நடந்து பார்த்திருக்க வேண்டும். வண்டி வாசலில் நிற்கிறது என்பதற்காக அந்த நடையைத் தவிர்க்கக்கூடாது. ஒரே இடத்தில் குவித்துக் கொட்டாமல் பரப்பிக் கொட்டுங்கள். கொட்டும்போது கீழே யாரும் நிற்கக்கூடாது.

மின்சாரம் அடிப்பது சகஜம் என்கிறார்கள். உண்மையா?

சுரீரென்று லேசாக அடிப்பது எச்சரிக்கை. அடுத்த தடவை நிலம் ஈரமாக இருந்தால் அதே வயர் கொல்லும். நம் நாட்டில் 230 வோல்ட். 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் டிரிப் சுவிட்ச் இல்லாத தற்காலிக இணைப்பில் எந்த இயந்திரமும் ஓடக்கூடாது. அதில் சோதனைப் பொத்தான் இருக்கும். ஒவ்வொரு காலையும் அழுத்துங்கள், விழவில்லையென்றால் அது வேலை செய்யவில்லை.

செருகியே இல்லாமல் வயர் நுனிகளைச் சீவித் துளையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்கி வைப்பதை இன்றும் காண்கிறோம். அதைக் காணும் மேற்பார்வையாளர் அந்த இடத்திலேயே பிடுங்க வேண்டும். ஒட்டுப்போட்ட வயர்களை நிலத்தில் நீருக்குள் போடாமல் உயர்த்திக் கட்டுங்கள். வீதியோர மின்கம்பிகளுக்கு அருகே சாரம் கட்டவோ கம்பி தூக்கவோ நேர்ந்தால், தொடங்குமுன் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவித்துக் கம்பிகளை மூடவோ துண்டிக்கவோ செய்ய வேண்டும். ஆறு மீற்றர் இரும்புக் கம்பியைத் தோளில் வைத்துத் திரும்புகிறவருக்குத் தலைக்கு மேலே என்ன போகிறது என்று தெரியாது.

நிலக்கீழ் நீர்த்தாங்கிக்குள் இறங்கித் துப்புரவு செய்யவும் நீர்க்காப்புப் பூசவும் சொல்கிறார்கள். என்ன ஆபத்து?

இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மூடிக்கிடந்த தாங்கிக்குள் காற்றில் பிராணவாயு குறைந்திருக்கலாம். சாதாரணக் காற்றில் அது 20.9 வீதம், 19.5 வீதத்துக்குக் கீழே இறங்கினால் அங்கே வேலை செய்யக்கூடாது. குறைந்திருப்பதை மூக்கு காட்டிக்கொடுக்காது, கண்ணும் காட்டிக்கொடுக்காது. பூசும் திரவத்தின் ஆவி, உள்ளே இறக்கிய பெற்றோல் பம்பின் புகை என்பன இன்னும் மோசம். முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பார், அவரும் விழுவார். இப்படி ஒரே தாங்கியில் இரண்டு மூன்று பேர் இறப்பது உலகெங்கும் நடக்கிறது.

மூடிகளைத் திறந்து, விசிறியால் காற்றைச் செலுத்தி, வாயு அளக்கும் கருவியால் அளந்த பிறகே இறங்க வேண்டும். இறங்குகிறவர் உடலில் பட்டியும் கயிறும் இருக்க, மேலே ஒருவர் வேறு வேலை இல்லாமல் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் மேலே நிற்பவர் இறங்கக்கூடாது. கயிற்றால் இழுத்து, உதவிக்கு அழைக்க வேண்டும்.

தூசி, சீமெந்து இவற்றால் உண்மையில் தீங்கு உண்டா?

உண்டு, ஆனால் மெதுவாக வரும். கொங்கிறீட்டையும் கல்லையும் உலர வெட்டும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலை இறுகச் செய்யும், அந்த நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. நீர் விட்டு வெட்டுங்கள். துணியை மூக்கில் கட்டுவது பயன்தராது, நுண்தூசி வடிக்கும் முகக்கவசம் வேண்டும். ஈரச் சீமெந்து தோலை எரிக்கும். சப்பாத்துக்குள் புகுந்தால் உடனே கழற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 20 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

வெயிலும் மழையும் வேலைத்திட்டத்தில் வர வேண்டியவையா?

வர வேண்டும். மார்ச், ஏப்ரலில் கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் உடல் சூடேறுகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் கூரை, கம்பி வேலைகளைக் காலைக்கு மாற்றி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை நீர் குடிக்க விடுங்கள். புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் வேலையைக் குறைத்துக் கொடுங்கள். தலைசுற்றி, பேச்சுக் குழறி, தோல் கொதித்தால் அது அவசர நோய். நிழலுக்குக் கொண்டுபோய் நீரூற்றிக் குளிரவைத்துக்கொண்டே அம்பியூலன்ஸை அழையுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் வழக்கம். இடி கேட்டால் சாரத்திலிருந்தும் மேல்தட்டிலிருந்தும் இறங்கிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே ஏறலாம்.

நுளம்புக்காக மாநகர சபையினர் வந்து வழக்குப் போடுகிறார்களே?

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமளவு போதும். எனவே மின்தூக்கிக் குழி, தட்டில் தேங்கும் நீர், வெற்று வாளி எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒருமுறையேனும் வெறுமையாக்குங்கள். அங்கேயே படுத்துறங்கும் தொழிலாளிக்குத்தான் முதலில் காய்ச்சல் வரும்.

நாங்கள் வேலைத்தளத்திலேயே தங்குகிறோம். அதுவும் மதிப்பீட்டில் வருமா?

கட்டாயம் வர வேண்டும். அரைகுறைக் கட்டடத்தின் கீழ்மாடியில் பலகைத் தடுப்புக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் உறங்குவதும், அதே மூலையில் எரிவாயு அடுப்பில் சமைப்பதும், பக்கத்தில் பெயின்ற், தின்னர் வாளிகள் அடுக்கியிருப்பதும் பலருக்குத் தெரிந்த காட்சி. சமையலைத் தனி இடத்துக்கு மாற்றுங்கள், தீயணைப்பான் வையுங்கள், வெளியேற இரண்டு வழி விடுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் பாதைக்கு விளக்குப் போடுங்கள். பகலில் தெரிந்த குழியில் இரவில் விழுந்தவர்கள் உண்டு.

காலைப் பாதுகாப்புப் பேச்சு எங்களுக்கு விளங்குவதில்லை. என்ன செய்வது?

இதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது. வரிசையில் நிறுத்தி, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வேகமாகப் பேசி, கடைசியில் கையெழுத்து வாங்குகிறார்கள். பதுளையிலிருந்து நேற்று வந்த பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டு, முன்னால் நிற்பவர் போகும் திசையில் போகிறது. சிங்களமும் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிகள். தமிழ்த் தொழிலாளர் இருக்கும் இடத்தில் தமிழில் சொல்வது சலுகை ஆகாது.

இரு மொழியும் தெரிந்த மேசன் ஒருவரைப் பேச வையுங்கள், அந்த நேரத்துக்கும் அவருக்குக் கூலி கொடுங்கள். பேச்சு ஐந்து நிமிடம், அன்றைய ஒரு வேலை, அதன் ஒரு ஆபத்து என்று இருக்கட்டும். முடிவில் “விளங்கியதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “இன்று எங்கே கொளுவப்போகிறாய், தம்பி?” என்று கேட்டால் விளங்கியதா இல்லையா என்பது தெரிந்துவிடும். தமிழ்த் தொழிலாளர்களும் கேட்கத் தயங்க வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து போய், தமிழிலும் சொல்லுங்கள் என்று கேட்டு நிறைவேறிய இடங்களை அறிவேன்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளை விடுமுறையில் வேலைக்கு எடுக்கலாமா?

வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான வேலைகளுக்கு 18. உயரம், இயந்திரம், பாரம் எல்லாம் நிறைந்த கட்டட வேலைக்கு 18 வயதுக்குக் குறைந்தவரை எடுக்க வேண்டாம்.

ஆபத்தான வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடாதா?

நாட்கூலிக்கு இருப்பவருக்கு அந்தப் பயம் நியாயமானது, அதை மறைத்து வீரம் பேச நான் விரும்பவில்லை. உடனடி உயிராபத்து என்று நியாயமாக நம்பி விலகும் தொழிலாளியைப் பாதுகாக்க வேண்டும் என்பது சர்வதேச தொழில் அமைப்பின் 1981 ஆம் ஆண்டுச் சமவாயத்தில், 155 ஆம் இலக்கத்தில் உள்ள கொள்கை. பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச் சூழல் 2022 இல் அந்த அமைப்பின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது.

நடைமுறையில், தனியாக மறுக்காமல் குழுவாகச் சொல்லுங்கள். மாட்டேன் என்பதோடு நிறுத்தாமல், இன்ன தடுப்புப் போட்டால் செய்கிறோம் என்று சொல்லுங்கள். மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் படமும் செய்தியும் அனுப்பிவிட்டால் அதற்குப் பதிவு இருக்கும். அதற்கும் பயனில்லையென்றால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தின் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவில் முறையிடலாம்.

விபத்து நடந்துவிட்டது. முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்பியூலன்ஸை அழையுங்கள். தீயும் மீட்பும் தேவையானால் 110. வேலைத்தளத்தின் முகவரியையும் எந்த வாசலால் வருவது என்பதையும் தெளிவாகச் சொல்லி, வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். முகவரியைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசலில் எழுதி வைத்திருந்தால் பதற்றத்தில் தடுமாற வேண்டியதில்லை.

உயரத்திலிருந்து விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி முச்சக்கரவண்டியில் மடக்கி ஏற்றாதீர்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கல் அவரை நிரந்தரமாக முடக்கிவிடும். தீயோ இடிபாடோ நெருங்கினாலன்றி அசைக்காமல், தலையைத் தாங்கிப் பிடித்துப் பேச்சுக் கொடுங்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள்.

நட்டஈடு கிடைக்குமா? நியமனக் கடிதம்கூட இல்லையே?

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. ஆகக் கூடிய நட்டஈடு 5,50,000 ரூபாயாக இருந்து, 2022 திருத்தத்தில் 20 இலட்சம் ஆக்கப்பட்டது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அப்போதே சேர்க்கப்பட்டது. மரணமென்றால் நட்டஈட்டைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிட வேண்டும். மரணச் செலவுக்கென்று வீட்டாரின் கையில் ஒரு தொகையைக் கொடுத்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது தீர்வல்ல. அப்படியான தாளில் ஒப்பமிட வேண்டாம்.

கடிதம் இல்லாவிட்டால் வேறு சான்றுகளைச் சேருங்கள். சம்பளம் குறித்த துண்டு, வங்கிப் பதிவு, வேலைக்குக் கூப்பிட்ட தொலைபேசிச் செய்தி, வேலைத்தளத்தில் எடுத்த படம், கூட வேலை செய்தவரின் வாக்குமூலம், வைத்தியசாலை அட்டை எல்லாம் பயன்படும். வைத்தியசாலையில் எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது, வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லும்படி யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள். அந்த ஒரு வரி பின்னர் உங்கள் கோரிக்கையையே கெடுத்துவிடும்.

விபத்தை அறிவிக்காமல் விட்டால் என்ன?

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, மரணம் நேர்ந்தாலோ மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலோ தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். யாருக்கும் அடிபடாத, மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். நான்காம் மாடியிலிருந்து விழுந்த செங்கல் இன்று வெறும் நிலத்தில் விழுந்தது. ஏன் விழுந்தது என்று இன்றே பார்த்தால், ஆள் நிற்கும் நாளில் அது விழாது.

என் வீட்டுக்கு மேல்மாடி கட்ட ஒரு பாஸிடம் கொடுத்திருக்கிறேன். எனக்கு என்ன பொறுப்பு?

விலையை மட்டும் பார்த்து ஆளைத் தெரிவுசெய்தால், பாதுகாப்புக்கான பணத்தை நீங்களே வெட்டிவிட்டீர்கள் என்று பொருள். விலைப்பட்டியலில் சாரம், தடுப்பு, முட்டு, டிரிப் சுவிட்ச், பட்டி ஆகியவற்றுக்குத் தனி வரி கேளுங்கள், அதற்குரிய தொகையைக் கொடுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி எடுத்திருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் அதற்கும் தொகை சேருங்கள். மாநகர சபை அனுமதியும் பொறியியலாளரின் வரைபடமும் கையில் வந்த பிறகே தொடங்குங்கள். மழைக்கு முன் தட்டுப் போட்டாக வேண்டும், பெருநாளுக்கு முன் குடிபுக வேண்டும் என்று நாள் குறித்து நெருக்காதீர்கள், அந்த அவசரத்தில்தான் முட்டுகளில் பாதியை விட்டுவிடுகிறார்கள். வேலை நடக்கும்போது ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். நீங்கள் ஏறவே பயப்படும் ஏணியிலும் சாரத்திலும்தான் அவர்கள் நாள் முழுவதும் ஏறி இறங்குகிறார்கள் என்றால், அன்றே பாஸைக் கூப்பிட்டு அதை மாற்றச் சொல்லுங்கள்.